அக்கவுண்ட் பேயீ ஒன்லி

கடவுள் பற்றிய விவாதங்களை முடித்துவைக்க நம் ஊரில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘அதெல்லாம் அனுபவிச்சாத்தான் சார் தெரியும்.’ ரயிலில், கல்யாணப் பந்தியில், ஆபீஸ் கேன்டீனில், எங்கே ஆரம்பித்த சர்ச்சையாக இருந்தாலும் இந்த வாக்கியம் வந்தவுடன் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மேற்கொண்டு பேசினால் ‘பாவம், இவனுக்கு இன்னும் கொடுப்பினை இல்லை’ என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை ஜெயிக்க இதுவரை எந்த லாஜிக்கும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதில் ஒரு சங்கடம். இதே வாக்கியத்தை எல்லா மதத்துக்காரர்களும் சொல்கிறார்கள். அவரவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டதோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் அனுபவத்தில் கடவுளுக்கு ஆறு முகம். இன்னொருவர் அனுபவத்தில் அவருக்கு முகமே கிடையாது. மூன்றாமவர் பத்து வருஷம் தியானம் பண்ணிவிட்டு வந்து, கடவுள் என்று ஒன்றும் இல்லை, சூனியம்தான் இருக்கிறது என்கிறார். மூன்று பேரும் யோக்கியர்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யாருக்குத்தான் தெரிந்திருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேலி பண்ணாமல், கும்பிடும் போடாமல் எதிர்கொண்ட ஒரு புஸ்தகத்தைப் பற்றித்தான் இந்த வாரம். கொஞ்சம் கனமான விஷயம். பயப்படாமல் கூட வாருங்கள்.

வில்லியம் ஜேம்ஸ் அமெரிக்கர். 1842-ல் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, பிராக்டீஸ் பண்ணாமல் அங்கேயே உடலியல், உளவியல், தத்துவம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி வாத்தியாராக இருந்தவர். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் அண்ணன். 1901, 1902-ம் வருஷங்களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 20 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதுதான் 1902-ல் ‘தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று புஸ்தகமாயிற்று. மத அனுபவத்தின் வகைகள். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் அச்சில் இருக்கிறது.

ஜேம்ஸ் ஆரம்பத்திலேயே ஒரு கோடு கிழித்துவிடுகிறார். கோயில், குருக்கள், சாஸ்திரம், சடங்கு எதையும் நான் தொடப்போவதில்லை. தனி மனிதன் தனிமையில் தெய்வம் என்று எதை உணர்கிறானோ அதுதான் என் சப்ஜெக்ட் என்கிறார். பிறகு சாட்சிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறார். டால்ஸ்டாய் வருகிறார். அவிலா ஊர் புனித தெரசா வருகிறார். இஸ்லாமிய ஞானி அல் கஸாலி வருகிறார். கூடவே பெயர் தெரியாத சாதாரண ஜனங்கள். வயல் வரப்பில் ஒளி கண்டவர்கள், குடியை ஒரே ராத்திரியில் விட்டவர்கள், காரணமே இல்லாமல் அழுதவர்கள். யாரையும் அவர் குறுக்கே பேசி நிறுத்துவதில்லை. நல்ல டாக்டர் நோயாளியைப் பேச விடுவது மாதிரி விட்டுவிடுகிறார்.

அந்தச் சாட்சிகளில் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய கவலையில் இருந்த காலம். ஒரு நாள் அந்தி வேளையில் எதையோ எடுக்க ஓர் அறைக்குள் போகிறார். திடீரென்று, எந்தக் காரணமும் இல்லாமல், தான் இருப்பதைப் பற்றியே ஒரு பயங்கரமான பயம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. எப்போதோ ஒரு மனநோய் விடுதியில் பார்த்த இளைஞன் ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். நாள் முழுக்க முழங்காலைக் கட்டிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பவன். அவனும் நானும் வேறு வேறு இல்லை, எந்த நிமிஷமும் நான் அவனாகிவிடலாம் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. மாதக்கணக்கில் இருட்டில் தனியாகப் போக முடியவில்லை. பைபிளின் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கியிராவிட்டால் நிஜமாகவே பைத்தியமாகியிருப்பேன் என்கிறார்.

இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு இன்னொரு அறை ஞாபகம் வராமல் இருக்காது. 1896, ஜூலை மாதம். மதுரையில் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் வீடு. வேங்கடராமன் என்ற 16 வயசுப் பையன். உடம்புக்கு ஒன்றுமில்லை. தனியாக உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று சாகப்போகிறோம் என்று பயம் வந்தது. பையன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி நீட்டி நிமிர்ந்து படுத்தான். உதட்டை இறுக மூடிக்கொண்டான். சரி, உடம்பு செத்தாயிற்று, இதைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அப்போது ‘நான்’ சாகிறேனா என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தான். எழுந்தபோது பயம் போயிருந்தது. சில வாரங்களில், செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பிறகு ரமண மகரிஷி.

இரண்டிலும் தொடக்கம் ஒன்றுதான். ஓர் அறை, ஒரு தனி ஆள், காரணமில்லாத பயம். ஒருவர் இருட்டைப் பார்த்தே நடுங்குகிறவராக வெளியே வந்தார். இன்னொருவர் சாவைப் பற்றிய பயம் போனவராக வெளியே வந்தார். நடந்ததற்கு நெற்றியில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. ‘இது இன்னது’ என்று சொன்னது, அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார், கையில் என்ன மொழி இருந்தது, மனசில் எந்தச் சொற்கள் ஊறியிருந்தன என்பவையும் சேர்ந்துதான். ரமண பக்தர்கள் இரண்டும் ஒன்றே அல்ல என்பார்கள். இருக்கலாம். ஆனால், ஒன்றல்ல என்று அவர்கள் சொல்வதே பின்னால் நடந்ததை வைத்துத்தான். பயம் பிடித்த அந்த முதல் நிமிஷத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஜேம்ஸின் 16, 17-வது சொற்பொழிவுகள்தான் புஸ்தகத்தின் உயிர். மெய்யனுபவங்களுக்கு நாலு அடையாளம் சொல்கிறார். ஒன்று, வார்த்தையில் சொல்ல வராது. இரண்டு, ‘தெரிந்துகொண்டேன்’ என்ற உறுதி இருக்கும். வெறும் சந்தோஷம் இல்லை, ஏதோ ஓர் உண்மை புலப்பட்ட உணர்வு. மூன்று, சீக்கிரம் கலைந்துவிடும். நாலு, நாம் செய்வதாக இருக்காது. நமக்கு நடப்பதாக இருக்கும்.

இதில் விவகாரமானது இரண்டாவது. தெரிந்துகொண்ட உணர்வு வேறு, தெரிந்துகொள்வது வேறு. பரீட்சை ஹாலில் எல்லா விடையும் சரியென்ற உணர்வோடு பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ரிசல்ட் அன்றைக்குத் தெரியும். கடவுள் விஷயத்தில் ரிசல்ட் தேதி அறிவிக்கப்படவில்லை.

ஜேம்ஸ் தீர்ப்பை மூன்று பாகமாக எழுதுகிறார். அனுபவம் வாய்த்தவருக்கு அது அத்தாட்சிதான். அவரை அதிலிருந்து வாதாடி இறக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால், வாய்க்காத மற்றவர்கள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கவேண்டிய கடமையும் இல்லை. மூன்றாவது, அப்படிச் சிலருக்கு நடக்கிறது என்பதாலேயே, நம் தினசரிப் புத்திக்கு எட்டுவது மட்டும்தான் உலகம் என்று யாரும் கதவைச் சாத்திவிட முடியாது.

நான் படித்தது பி.காம். இந்தத் தீர்ப்பின் முதல் இரண்டு பாகமும் எங்களுக்கு வேறு பெயரில் பழக்கம். செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு இழுத்து ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்று எழுதுகிறோமே, அதுதான். (பேய் இல்லை, பேயீ.) செக் செல்லும், பணமும் நிஜம். ஆனால், யார் பெயருக்கு எழுதியதோ அவர் கணக்கில் மட்டும்தான் விழும். பின்னால் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குக் கைமாற்றிவிட முடியாது. மத அனுபவம் அப்படியொரு செக். அது செல்லாது என்று சொல்கிற நாத்திகர் அவசரப்படுகிறார். அதை என் கணக்கிலும் வரவு வை என்கிற ஆத்திகரும் அவசரப்படுகிறார்.

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவோம். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1979-ல் ஒரு வாதம் வைத்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருவர் ‘பஸ் வருது’ என்றால் நாம் நம்புகிறோம். சந்தேகப்பட விசேஷக் காரணம் இருந்தால் ஒழிய, கண்ணுக்குத் தெரிவதை நம்புவதும், பார்த்தேன் என்கிறவர் சொல்லை ஏற்பதும்தான் மனித புத்தியின் நடைமுறை. அப்படி இல்லாவிட்டால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது. கடவுளைப் பார்த்தேன் என்கிறவருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

நியாயமான கேள்வி. ஆனால், பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் 29சி என்கிறார், இன்னொருவர் இல்லை சார், 27 என்கிறார் என்றால், கிட்டே வந்ததும் போர்டைப் பார்த்துச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாம். கடவுள் விஷயத்தில் ஒருவருக்கு ஆறு முகம், இன்னொருவருக்கு முகமில்லை என்கிறபோது பார்க்க ஒரு போர்டு இல்லை. சந்தேகப்பட விசேஷக் காரணம் வேண்டும் என்றாரே ஸ்வின்பர்ன், சாட்சிகள் இப்படி முரண்படுவதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

வேய்ன் புரௌட்ஃபுட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1985-ல் எழுதிய புஸ்தகத்தில் ஓர் உதாரணம். காட்டில் நடக்கிற ஒருவன் கரடியைப் பார்த்து நடுங்குகிறான். கிட்டே போனால் மரக்கட்டை. அவன் பயத்தை விவரிக்கும்போது கரடியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘கட்டையைப் பார்த்து பயந்தான்’ என்றால் அவன் அனுபவத்தையே தப்பாகச் சொல்கிறோம். ஆனால், அந்தப் பயம் ஏன் வந்தது என்று விளக்கும்போது கரடி அங்கே இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அட, இது நம்ம கயிறு-பாம்பு கதையாச்சே என்கிறீர்கள். அதேதான். இருட்டில் கயிற்றைப் பார்த்தவனின் வேர்வை நிஜம். பாம்பு நிஜமா என்பது விளக்கு கொண்டுவந்த பிறகு பேசவேண்டியது.

விளக்கு கொண்டுவருகிறோம் என்று சில விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். 1962, ஏப்ரல் 20, புனித வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சாப்பல். இறையியல் மாணவர்கள் 20 பேர். வால்டர் பாங்கி என்கிற டாக்டர், அவரே பாதிரியாரும்கூட, பத்துப் பேருக்கு ஒருவகைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற ரசாயனத்தைக் கொடுத்தார். பாக்கி பத்துப் பேருக்கு உடம்பு சூடாகிற மாதிரி ஒரு வைட்டமின். யாருக்கு எது என்று சொல்லவில்லை. மேலே சாப்பலில் நடந்த பிரசங்கம் கீழ்த்தளத்தில் ஸ்பீக்கரில் கேட்டது. சைலோசைபின் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் ஞானிகள் சொல்கிற மாதிரியே அனுபவம் சொன்னார்கள். வைட்டமின் கோஷ்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ரிக் டோப்ளின் என்பவர் அந்த மாணவர்களில் பலரைத் தேடிப்பிடித்து விசாரித்து, 1991-ல் அதை வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழிந்தும் அது நிஜமான ஆன்மிக அனுபவம்தான் என்றார்கள். கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. அன்றைக்கு ஒரு மாணவர் நிலைகொள்ளாமல் போய், அமைதிப்படுத்த ஊசி போடவேண்டி வந்திருக்கிறது. பாங்கியின் அறிக்கையில் அந்த விஷயம் இல்லை.

2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேரை வைத்து இதை இன்னும் கண்டிப்பாகச் செய்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது மூன்றில் இரண்டு பேர், வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் இது ஒன்று, அல்லது இதுவேதான் முதல் என்றார்கள். முதல் குழந்தை பிறந்த நாளோடு ஒப்பிட்டவர்களும் உண்டு.

‘பார்த்தீர்களா, எல்லாம் கெமிக்கல்!’ என்று நாத்திக நண்பர் துள்ளவேண்டாம். ஜேம்ஸ் இதற்கு முன்கூட்டியே பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவரே நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்து பார்த்து, பிரபஞ்ச ரகசியம் புரிந்த மாதிரி இருந்ததைக் குறித்துவைத்தவர். அவர் வாதம் ரொம்ப எளிமை. பக்தனின் பரவசத்துக்கு மூளையில் ஒரு நிலை காரணம் என்றால், நாத்திகரின் சந்தேகத்துக்கும் மூளையில் ஒரு நிலைதான் காரணம். இரண்டு கணக்கு மாணவர்களுக்கும் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ஒருவன் விடை சரி, இன்னொருவன் விடை தப்பு. எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு கருத்து உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாது. அதனால் கிளைத்தது என்ன, காய்த்தது என்ன என்று பாருங்கள் என்கிறார்.

இதுவரை ஜேம்ஸோடு எனக்குச் சண்டை இல்லை. இனிமேல் இருக்கிறது.

தனி மனிதன், தனிமை என்று கோடு கிழித்தாரே, அங்கேதான் கோளாறு. அனுபவம் தனிமையில் வரலாம். அதை வைத்து ஒருவர் உண்மையைச் சொல்கிறேன் என்று வாயைத் திறந்த நிமிஷம் அது பொது விவகாரமாகிவிடுகிறது. அந்தப் பொது இடத்தில் என்ன முறை, யார் சோதிப்பது என்பது பற்றி இத்தனை பெரிய புஸ்தகத்தில் ஜேம்ஸிடம் சொற்பமாகத்தான் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியருக்கு விட்டுப்போனது நம் கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோயில் கொடையில் ஒருவர் மேல் சாமி வந்து ஆடுகிறது. உடனே ஊர் முழுக்க விழுந்துவிடுவதில்லை. ஒரு பெரியவர் முன்னால் வந்து கேட்பார். “வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு. எதுக்கு வந்திருக்கே?” பல ஊர்களில் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, “சத்தியம் பண்ணு தாயீ” என்பார்கள். வந்தது சாமியா, பேயா, இல்லை மச்சான் வீட்டுப் பகையைத் தீர்க்க ஆடுகிற ஆட்டமா என்று விசாரணை நடக்கும். சூடம் கையில் எரிவதால் எதுவும் நிரூபணமாகாது என்பது வேறு. ‘எனக்கு வந்தது’ என்று சொன்னால் மட்டும் போதாது, நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்பதை அந்தச் சபை ஒரு முறையாகவே வைத்திருந்தது. தெய்வத்தையே குறுக்கு விசாரணை பண்ணுகிற ஜனநாயகம்.

அந்த விசாரணை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. டோக்கியோவில் யோகா வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஷோகோ அசஹாரா, 1986-ல் இமயமலையில் தனக்கு முழு ஞானம் கிட்டியது என்று அறிவித்தார். ஓம் ஷின்ரிக்யோ என்று இயக்கம் வளர்ந்தது. சேர்ந்தவர்களில் டாக்டர்கள், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் உண்டு. ஏமாளிகள் இல்லை. அவர்களைக் கட்டிப்போட்டது குருவின் பேச்சு மட்டுமல்ல. சொந்த அனுபவம். பயிற்சியில் உட்கார்ந்தபோது ஒளி கண்டார்கள், உடம்பை விட்டு வெளியே போனது மாதிரி உணர்ந்தார்கள். சில சடங்குகளில் எல்.எஸ்.டி.யும் கொடுக்கப்பட்டது, அது தனிக் கதை. ‘குரு சொன்ன பயிற்சியில் நான் ஒளியைப் பார்த்தேன், ஆகவே குரு சொல்வதெல்லாம் உண்மை.’ இந்த ‘ஆகவே’தான் ஆளைக் கொன்றது. 1995, மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில் ஐந்து ரயில்களில் சாரின் விஷவாயு. பின்னாட்களில் இறந்தவரையும் சேர்த்து 14 பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். விஷப் பொட்டலத்தைக் குடை முனையால் குத்தியவர்களில் ஒருவர் இகுவோ ஹயாஷி. இதய அறுவை நிபுணர். உயிரைக் காப்பாற்றுவதைத் தொழிலாகக் கொண்டவர். அவருக்கு ஆயுள் தண்டனை. அசஹாரா 2018-ல் தூக்கிலிடப்பட்டார்.

அவர்கள் ஒளியைப் பார்த்திருப்பார்கள். நான் சந்தேகப்படவில்லை. ஒளியைப் பார்த்ததற்கும் பொட்டலத்தைக் குத்துவதற்கும் நடுவில் கேள்வி கேட்க ஒரு பெரியவர் இல்லை. அக்கவுண்ட் பேயீ செக்கைக் கைமாற்ற விட்டுவிட்டார்கள்.

‘அது ஜப்பான் சார், நம்ம மரபே அனுபவ மரபு, புஸ்தகத்தை நம்புகிற மரபு இல்லை’ என்று ஒரு பெருமை நம்மிடம் உண்டு. இதையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று இளைஞர் நரேந்திரன் கேட்டார், உன்னைப் பார்ப்பது போலவே, அதைவிடத் தெளிவாகவே பார்க்கிறேன் என்று ராமகிருஷ்ணர் சொன்னார். இந்தச் சம்பவம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நரேந்திரன் விவேகானந்தராகி, சென்னை இளைஞர்கள் வசூலித்துக் கொடுத்த பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு 1893-ல் சிகாகோ போனார். மதம் என்பது நேரடி அனுபவம், விஞ்ஞானம் மாதிரி சோதித்துப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் பேசினார். அவரைச் சந்தித்துப் பேசியவர்களில் வில்லியம் ஜேம்ஸும் ஒருவர். புஸ்தகத்தில் விவேகானந்தரின் ‘ராஜ யோக’த்தை மேற்கோள் காட்டுகிறார்.

ஆனால், ஆதிசங்கரர் இப்படிச் சொல்லவில்லை என்கிறார் அனந்தானந்த் ராம்பச்சன். ட்ரினிடாடில் பிறந்த, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த வேதாந்த அறிஞர். 1994-ல் வெளிவந்த புஸ்தகத்தில் அவர் வாதம் இது: சங்கரருக்குப் பிரம்மத்தை அறியும் பிரமாணம் வேத வாக்கியம்தான். கேட்டு, சிந்தித்து, சந்தேகம் தீர்ந்து வருவது ஞானம். சமாதியில் கிடைக்கும் தனி அனுபவம் வேதத்துக்கு மேலான இன்னொரு பிரமாணம் என்பது விவேகானந்தர் காலத்துப் புது அழுத்தம். விஞ்ஞானத்துக்கு மரியாதை ஏறியிருந்த 19-ம் நூற்றாண்டின் சாயல் அதில் இருக்கிறது. எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், சங்கரரின் பெயரைச் சொல்லி ‘அனுபவம்தான் ஒரே வழி’ என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரி. அதற்காக, கறியாகிற சுரைக்காயெல்லாம் ஏட்டிலும் ஏறிவிடாது.

ரமணரிடம் திரும்பிப் போகிறேன். ஜேம்ஸின் புஸ்தகம் வெளியான 1902-ம் வருஷ வாக்கில்தான் திருவண்ணாமலையில், தென்னாற்காடு கலெக்டர் ஆபீசில் ரெவின்யூ இலாகாவில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை, பேசாமல் இருந்த அந்த இளைஞரிடம் கேள்விகள் கேட்டார். அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயிற்று. அதன் போக்கைக் கவனியுங்கள். மதுரையில் எனக்கு இப்படி நடந்தது, ஆகவே நீ நம்பு என்கிற தொனியே அதில் இல்லை. கேட்கிறவரிடமே கேள்வி திரும்பிப் போகிறது. நீயே விசாரித்துப் பார். செக்கைக் கைமாற்றாமல், கணக்கு ஆரம்பிக்க ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்த மாதிரி. அதை நிரப்பியவர்களுக்கெல்லாம் அதே தொகை வரவாகுமா என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. ஆனால், நேர்மையான நடைமுறை.

என் உறவில் ஒரு பெரியம்மா. பெரியப்பா போனபிறகு மூன்று மாதம் அடுப்படிப் பக்கமே போகவில்லை. யார் ஊட்டினாலும் இரண்டு வாய். ஒருநாள் விடியற்காலையில் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருந்ததாம். பயம் இல்லை. கனம் இறங்கிவிட்டதாம். அன்றைக்குக் காலையில் எழுந்து எல்லோருக்கும் காபி போட்டார். ‘அது யார் பெரியம்மா, சாமியா, பெரியப்பாவா?’ என்று கேட்டேன். “யாரா இருந்தா என்னடா, கை கனமா இல்லே” என்றார். இதற்கு மேல் விளக்கவும் இல்லை, என்னை நம்பச் சொல்லவும் இல்லை. அந்த அம்மாளிடம் போய்த் துக்கத்தில் மூளை பண்ணும் வேலைகள் பற்றி லெக்சர் அடிக்கிறவன் பகுத்தறிவாளன் இல்லை, வெறும் முரடன். அதேபோல், மூன்று மாதப் பட்டினியை முடித்துவைத்த அந்தக் கையை எடுத்துக்கொண்டுபோய் ஒரு சித்தாந்தத்துக்கு முட்டுக்கொடுக்கிறவனும் அந்த அம்மாளுக்கு நியாயம் செய்யவில்லை.

ஆகவே, மதத்தின் உண்மையை அனுபவத்தால் அறிய முடியுமா? அனுபவம் ஒரு ஆளை மாற்றும். பயத்தைப் போக்கும், குடியை விடவைக்கும், அடுப்பைப் பற்றவைக்கும். நம் புத்திக்கு வெளியே ஏதோ இருக்கலாம் என்ற கதவைத் திறந்தே வைக்கும். ஆனால், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது இன்னார், அவருக்கு இத்தனை முகம், அவர் உனக்கு இன்ன கட்டளை இட்டிருக்கிறார் என்கிற விவரங்களை அனுபவம் மட்டும் நிரூபிக்காது. அதற்கு வாதம் வேண்டும், சோதனை வேண்டும், கேள்வி கேட்கிற நாலு பேர் வேண்டும். ‘அனுபவிச்சாத்தான் தெரியும்’ என்று யாராவது சொன்னால், சண்டை போடாதீர்கள். ‘சரிங்க, உங்களுக்குத் தெரிஞ்சதாலே என்னை என்ன செய்யச் சொல்றீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் செய்யவேண்டாம் என்றால் அவரோடு உட்கார்ந்து காபி சாப்பிடலாம். பெரிய பட்டியல் வந்தால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

புஸ்தகம் காப்புரிமை முடிந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுக்கப் படிக்கப் பொறுமை வேண்டும். புனிதர்கள் பற்றிய அத்தியாயங்களில் ஜேம்ஸுக்கு மேற்கோள் காட்டி அலுப்பதே இல்லை, நமக்கு அலுக்கும். 16, 17-ஐ முதலில் படியுங்கள். பிறகு நோயுற்ற மனம் பற்றிய 6, 7. அங்கேதான் அந்தப் பெயரில்லாத பிரெஞ்சுக்காரர் வருகிறார்.

அவர் யார் என்பது ஜேம்ஸின் புஸ்தகத்தை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவருக்குத் தெரியவந்தது. அந்த மூலக் கடிதத்தைப் பற்றி விசாரித்தவருக்கு ஜேம்ஸ் எழுதிய பதிலில் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் என்று ஒருவரும் இல்லை. அந்தி வேளையில் அறைக்குள் போனதும், முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தவனை நினைத்து நடுங்கியதும், பைபிள் வரிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கியதும் இளம் வயது வில்லியம் ஜேம்ஸ்தான். புஸ்தகத்தில் தன் பெயரைப் போட்டிருந்தால் ஹார்வர்டு பேராசிரியர் சொன்னது என்று அதற்கு ஒரு தனி மதிப்பு வந்திருக்கும். அவர் போடவில்லை.